சினிமா தீமில் ரிசப்ஷன்: மேசை விரிப்பு எதற்கு, எவ்வளவு, எங்கே?

“நம்ம ரிசப்ஷன் ‘96’ படம் மாதிரி இருக்கணும்” என்கிறார் மணப்பெண். “எனக்கு ‘பொன்னியின் செல்வன்’ லுக் வேணும்” என்கிறார் மாப்பிள்ளை. “சாப்பாடு நல்லா இருந்தா போதும்மா, மேசைக்கு எதுக்கு வெல்வெட்டும் ஜிகினாவும்?” என்று கேட்கிறார் பெண்ணின் அப்பா.

இன்று பல வீடுகளில் நடக்கும் உரையாடல் இது. வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பது படங்கள் சேர்ந்த பிறகு டெக்கரேட்டரிடமிருந்து கொட்டேஷன் வரும். மேடை, பூ, லைட் ஆகியவற்றுக்கு நடுவே ‘லினன்’ என்று ஒரே ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே ஒரு தொகை. எத்தனை மேசை, என்ன துணி, எந்த அளவு, கறை பட்டால் யார் பொறுப்பு என்ற விவரம் எதுவும் இருக்காது. கல்யாண வேலைகளுக்கு நடுவே யாரும் கேட்பதும் இல்லை. பில் வரும்போதுதான் கேள்வியும் வரும்.

சினிமா தீம் கல்யாணத்தில் மேசை விரிப்பு என்ன செய்கிறது, எங்கே பணம் மிச்சமாகும், எங்கே ஆபத்து இருக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

மேசைத் துணிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும். மண்டபத்தில் 8 பேர் உட்காரும் வட்ட மேசைகள் 25 இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மேசையின் குறுக்களவு 5 அடி. தரை வரை தொங்கும் விரிப்பு போட்டால் ஒரு மேசைக்கு சுமார் 78 சதுர அடி துணி தேவைப்படும். 25 மேசைக்குக் கணக்கிட்டால் 1,960 சதுர அடி. மேடைக்குப் பின்னால் 40 அடி அகலம், 12 அடி உயரத்தில் பேக்டிராப் வைத்தாலும் அது 480 சதுர அடிதான். அதாவது, மேடையைவிட நான்கு மடங்கு நிறம் மேசைகளில் இருக்கிறது.

விருந்தினர் மேடைக்கு வந்து போட்டோ எடுத்துக்கொள்வது ஒரு நிமிடம். மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு, பேசி, ஐஸ்கிரீம் முடிப்பது அரை மணி நேரமாவது இருக்கும். தீம் மனதில் நிற்க வேண்டும் என்றால் அது மேசையில்தான் நிற்கும். மேடைக்கு லட்சங்களைக் கொட்டிவிட்டு, மேசைக்கு மண்டபத்தின் பழைய வெள்ளைத் துணியைப் போட்டால் ஹாலின் முக்கால் பங்கு தீமுக்கு வெளியே போய்விடும்.

படத்தை அல்ல, படத்தின் நிறத்தை எடுக்க வேண்டும்

சினிமா தீம் என்றாலே ஹீரோவின் கட் அவுட், வசனம் எழுதிய போர்டு, ஃபிலிம் ரோல், கிளாப் போர்டு என்றுதான் பலருக்குத் தோன்றும். அவை போட்டோவுக்குச் சரி. ஆனால், ஒரு படம் மனதில் எப்படிப் பதிந்திருக்கிறது என்று யோசித்தால் பெரும்பாலும் ஒரு நிறமாகவோ, ஒரு துணியாகவோதான் இருக்கும்.

2018இல் வந்த ‘96’ படத்தில் த்ரிஷா அணிந்த மஞ்சள் குர்தாவைத் தேடி வாங்கியவர்கள் ஏராளம். அந்தப் படத்தை மேசைக்குக் கொண்டுவர போஸ்டர் தேவையில்லை. பழுப்பு கலந்த வெள்ளைக் காட்டன் விரிப்பு, நடுவில் கடுகு மஞ்சள் ரன்னர், பக்கத்தில் இரண்டு பழைய பள்ளி நோட்டுகள். பார்த்தவுடன் புரிந்துவிடும்.

வேறு சில படங்களையும் இப்படி மேசைக்கு மாற்றலாம்:

• பொன்னியின் செல்வன் (2022, 2023): தோட்டா தரணியின் அரங்கமும் ஏகா லக்கானியின் ஆடை வடிவமைப்பும் பேசப்பட்டன. மங்கிய தங்கம், அரக்குச் சிவப்பு, வெண்கல நிறம். பளபளக்கும் சாட்டினைவிட, ஜரிகைக் கரை போட்ட பட்டு போன்ற ரன்னரும் பித்தளைக் கிண்ணங்களும் பொருந்தும்.

• கரகாட்டக்காரன் (1989): கிராமத்துத் திருவிழா. பட்டை பட்டையாக நிறம் ஓடும் பவானி ஜமக்காளத்தை ரன்னராக நறுக்கிப் போடலாம். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற ஜமக்காளம் அது. கல்யாணம் முடிந்தாலும் வீட்டில் உழைக்கும்.

• சார்பட்டா பரம்பரை (2021): எழுபதுகளின் வடசென்னை. கட்டம் போட்ட லுங்கித் துணியே போதும். செலவு மிகக் குறைவு. பேச்சிலர் பார்ட்டிக்கு ஏற்றது.

• தி கிரேட் கேட்ஸ்பி (2013): 1920களின் அமெரிக்கப் பார்ட்டி. கலை வடிவமைப்பு, ஆடை வடிவமைப்பு இரண்டுக்கும் ஆஸ்கர் வென்ற படம். கறுப்பு, தங்கம், சீக்வின். எல்லா மேசையிலும் சீக்வின் போட்டால் கண் கூசும். கேக் மேசையிலும் பார் கவுன்ட்டரிலும் மட்டும் போதும்.

• ஹாரி பாட்டர்: பெரிய கூடத்தில் நான்கு நீளமான மேசைகள், நான்கு இல்லங்கள். சிவப்பு - தங்கம், பச்சை - வெள்ளி, நீலம் - வெள்ளி, மஞ்சள் - கறுப்பு என நான்கு ரன்னர் ஜோடிகள் போதும். ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ், காலேஜ் கேங், ஆபீஸ் டீம், கசின்ஸ் என்று இல்லம் பிரித்து உட்கார வைக்கலாம்.

• தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல் (2014): இளஞ்சிவப்பும் ஊதாவும். சீமந்தம், பிறந்தநாள் பார்ட்டிகளுக்கு நன்றாக வரும்.

வீட்டு உள்ளலங்காரத்தில் சொல்லப்படும் 60 - 30 - 10 விகிதம் இங்கும் உதவும். அடிப்படை நிறம் 60 சதவீதம், தீம் நிறம் 30 சதவீதம், எடுப்பாகத் தெரியும் நிறம் 10 சதவீதம். விரிப்பு அடிப்படை நிறம், ரன்னர் தீம் நிறம், நாப்கினோ நாற்காலியில் கட்டும் ரிப்பனோ மூன்றாவது நிறம். நான்காவது நிறம் வந்தால் குழப்பம்தான்.

எந்தத் துணி, எந்த இடத்துக்கு?

பாலியஸ்டர்: வாடகைக்கு அதிகம் கிடைப்பது இதுதான். சுருங்காது, நிறம் போகாது, சீக்கிரம் காயும். அடிப்படை விரிப்புக்கு ஏற்றது. ஆனால், நாப்கினுக்கு ஆகாது. தண்ணீரை உறிஞ்சாமல் வழுக்கும். சாம்பார் சாதம் சாப்பிட்டவர் கையைத் துடைத்தால் ஈரம் அப்படியே இருக்கும்.

சாட்டின்: பளபளப்பு கூடுதல். மடிப்புக் கோடும் கூடுதலாகத் தெரியும். வழுக்கும் என்பதால் தட்டு, டம்ளர் வைக்கும் மேசையைவிட கிஃப்ட் மேசைக்கு நல்லது.

வெல்வெட்: ராஜா காலத்துப் படங்களுக்கு அழகு. ஆனால் கனமானது, சூட்டைப் பிடித்து வைக்கும், கறை பட்டால் எளிதில் போகாது. சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம்.

சீக்வின்: சின்னச் சின்ன பிளாஸ்டிக் தகடுகள் தைத்த துணி. கை வைத்து உட்கார்ந்தால் உரசும். பட்டுப்புடவை முந்தானை மாட்டிக்கொண்டால் ஒரு இழை போய்விடும். விருந்தினர் உட்காராத மேசைகளுக்கு மட்டும்.

ஆர்கன்ஸா: கண்ணாடி போன்ற மெல்லிய துணி. மேல் விரிப்பாகவும் நாற்காலி ரிப்பனாகவும் பயன்படும். விலை குறைவு, எடுப்பு அதிகம்.

காட்டன், லினன்: தொட்டால் இதமாக இருக்கும். ‘96’, ‘அலைபாயுதே’ போன்ற இயல்பான கதைகளுக்குப் பொருந்தும். அயர்ன் செய்யாமல் விரித்தால் கசங்கல் தெரியும். அடர்நிறக் காட்டன் என்றால் முன்கூட்டியே சோதிக்க வேண்டும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் துணியைத் தேய்த்துப் பார்த்தால் போதும். கைக்குட்டையில் சாயம் ஏறினால், தண்ணீர் கொட்டும்போது விருந்தினரின் வேட்டியிலும் ஏறும்.

ஸ்ட்ரெச் துணி: மேசையை இறுக்கிப் பிடிக்கும். நின்றுகொண்டே பேசும் உயரமான காக்டெய்ல் மேசைகளுக்கு இதுதான் வசதி. காற்றில் பறக்காது.

அளவு எப்படிக் கணக்கிடுவது?

சூத்திரம் எளிது: மேசையின் குறுக்களவு + இருபக்கமும் தொங்க வேண்டிய நீளம். மேசை உயரம் பொதுவாக 30 அங்குலம்.

• 4 அடி வட்ட மேசை (48 அங்குலம்), தரை வரை: 48 + 30 + 30 = 108 அங்குல வட்ட விரிப்பு.

• 5 அடி வட்ட மேசை (60 அங்குலம்), தரை வரை: 120 அங்குலம்.

• அதே 5 அடி மேசை, பாதி உயரம் வரை: 60 + 15 + 15 = 90 அங்குலம்.

• 6 அடி நீள மேசை (72 × 30 அங்குலம்), தரை வரை: 132 × 90 அங்குலம்.

120 அங்குல வட்டத்துக்குப் பதில் 90 அங்குலம் போட்டால் துணி 78இலிருந்து 44 சதுர அடியாகக் குறையும். நாற்காலிகளுக்குக் கவர் போடுவதாக இருந்தால் மேசையின் கால் எப்படியும் மறைந்துவிடும். அப்போது பாதி உயரமே போதும்.

சொந்தமாகத் தைக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது துணியின் அகலம். கடைகளில் கிடைக்கும் துணிகள் பெரும்பாலும் 44 முதல் 60 அங்குல அகலம்தான். 120 அங்குல வட்டம் வேண்டும் என்றால் ஒட்டுத் தையல் போட்டே ஆக வேண்டும். தையல் கோடு மேசையின் நடுவே ஓடாமல், மேசை விளிம்புக்கு வெளியே தொங்கும் பகுதியில் வரும்படி டெய்லரிடம் சொல்ல வேண்டும். காட்டன் என்றால் முதல் சலவையில் சுருங்கும். ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டுவது நல்லது.

வாழை இலைப் பந்தியில் என்ன செய்வது?

இணையத்தில் பார்க்கும் தீம் மேசைகள் பெரும்பாலும் மேலைநாட்டு விருந்துக்கானவை. தட்டு, கத்தி, முள்கரண்டி, நாப்கின் எல்லாம் முன்பே அடுக்கியிருக்கும். நம் ஊர்ப் பந்தியில் வரிசையாக நீள மேசை, அதன் மேல் பேப்பர் ரோல், அதன் மேல் வாழை இலை. ஒரு பந்தி முடிந்ததும் பேப்பரோடு சுருட்டி எடுத்துவிட்டு அடுத்த பந்தி. இந்த வேகத்துக்கு எந்த விரிப்பும் ஈடுகொடுக்காது. ஈடுகொடுக்க வைக்கவும் வேண்டியதில்லை.

பந்தி மேசையைப் பொறுத்தவரை முன்பக்கம் தொங்கும் ஃப்ரில் துணியை மட்டும் தீம் நிறத்தில் மாற்றலாம். மேலே வழக்கம்போல் பேப்பர் ரோல். இலையின் பச்சையே போதுமான அலங்காரம்.

விரிப்புக்கு வேலை இருக்கும் இடங்கள் வேறு: வரவேற்பில் சந்தனம், கற்கண்டு வைக்கும் மேசை, கேக் மேசை, போட்டோ பூத், ஐஸ்கிரீம், பீடா கவுன்ட்டர், தாம்பூலப் பை கொடுக்கும் மேசை. எல்லோரும் மறந்துவிடும் இன்னொன்று மொய் எழுதும் மேசை. வந்தவர்களில் பெரும்பாலானோர் ஒருமுறையாவது நிற்கும் இடம் அது. பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் மேசையும் கோடு போட்ட நோட்டும்தான் இருக்கும். அங்கே ஒரு நல்ல விரிப்பு போட்டு, ‘டிக்கெட் கவுன்ட்டர்’ என்று ஒரு சின்னப் பலகை வைத்தால் மொத்தத் தீமும் சிரிப்போடு நினைவில் நிற்கும். நோட்டுடன் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

லைட் ஏமாற்றிவிடும்

கடையில் பார்த்த நிறம் மண்டபத்தில் அப்படியே தெரியாது. காரணம் விளக்கு. மஞ்சள் ஒளி விளக்கில் வெள்ளைத் துணி பால் நிறமாகத் தெரியும். வெள்ளை எல்இடியில் அதே துணி நீலம் பூத்துத் தெரியும். டிஜே வைக்கும் சிவப்பு, ஊதா பார் லைட்டுகள் இன்னும் மோசம். சிவப்பு விளக்கின் கீழே நீலத் துணி கறுப்பாகிவிடும். பச்சை சாம்பலாகிவிடும். தேடிப்பிடித்து மயில் நீலம் வாங்கிவிட்டு, ஹால் முழுக்க சிவப்பு விளக்கு போட்டால் செலவு வீண்தான்.

தீர்வு சுலபம். துணி முடிவாகும் முன் ஒரு மீட்டர் மாதிரி வாங்கி, மாலை நேரத்தில் மண்டபத்தில், அன்று போடப்போகும் அதே விளக்கின் கீழ் போனில் ஒரு போட்டோ எடுத்துப் பார்க்க வேண்டும். சாப்பாட்டுப் பகுதியில் கலர் லைட் வேண்டாம் என்று லைட்டிங்காரரிடம் சொல்லிவிடலாம். சாப்பாட்டின் நிறமும் தப்பிக்கும்.

வீடியோவுக்கும் ஒரு குறிப்பு. மிக நெருக்கமான கோடுகளும் பொடிக் கட்டங்களும் கேமராவில் அலை அலையாக நெளிவதுபோல் தெரியும். கட்டம் போடுவதாக இருந்தால் பெரிய கட்டமாகப் போடுவது நல்லது.

அழகுக்கு முன் பாதுகாப்பு

மேசைத் துணி விஷயத்தில் உண்மையான ஆபத்து இரண்டு: தீயும் தடுக்கி விழுதலும்.

பஃபேயில் உணவைச் சூடாக வைத்திருக்கும் பாத்திரங்களுக்குக் கீழே ஜெல் அடுப்பு எரிகிறது. அதன் ஓரத்திலேயே ஃப்ரில் தொங்குகிறது. வரவேற்பு மேசையில் குத்துவிளக்கு, பக்கத்தில் ஆர்கன்ஸா. மேசை நடுவில் மெழுகுவத்தி. காட்டனில் தீ பிடித்தால் வேகமாகப் பரவும். பாலியஸ்டர், ஆர்கன்ஸா போன்ற செயற்கைத் துணிகள் உருகிச் சொட்டும். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமான புண்ணை உண்டாக்கும். அதனால் செய்ய வேண்டியவை:

• விருந்தினர் மேசைகளில் நிஜ மெழுகுவத்தி வேண்டாம். பேட்டரியில் எரியும் எல்இடி விளக்கு போதும்.

• ஜெல் அடுப்பு வைக்கும் கவுன்ட்டரில் துணி மேசை விளிம்போடு நிற்க வேண்டும். அடுப்புக்குக் கீழே உலோகத் தட்டு வைக்க வேண்டும்.

• குத்துவிளக்கு தனிப் பலகையில், தொங்கும் துணிகளிலிருந்து எட்டி இருக்கட்டும்.

• மணமக்கள் நுழையும்போது போடும் ‘கோல்ட் பைரோ’ பொறி இயந்திரம் பெயரில்தான் குளிர்ச்சி. பொறி வெளியேறும் இடத்தில் கடும் சூடு இருக்கும். மேசைகள் அதன் அருகில் இருக்கக் கூடாது.

• தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று மண்டப மேனேஜரிடம் கேட்டு, குடும்பத்தில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அலங்காரத் துணி அதை மறைத்துவிடக் கூடாது.

இரண்டாவது, தடுக்கி விழுதல். தரையில் புரளும் விரிப்பும் நாற்காலியில் தொங்கும் ரிப்பனும் போட்டோவில் அழகு. ஆனால் எழுபது வயதுப் பாட்டி எழுந்திருக்கும்போது கால் சிக்கினால் கல்யாண வீடு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விடும். விரிப்பு தரையிலிருந்து ஒரு அங்குலமாவது மேலே நிற்கட்டும். பெரியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் ஒதுக்கும் மேசைகளில் பாதி உயர விரிப்பே நல்லது.

வாடகையா, சொந்தமா?

400 விருந்தினர், 25 வட்ட மேசைகள், ஒரு நேரத்தில் 200 பேர் என்று எடுத்துக்கொள்வோம். அதாவது ஒவ்வொரு மேசையிலும் இரண்டு சுற்று சாப்பாடு. பத்து மேசைக்கு ஒன்று என்ற கணக்கில் கூடுதலாக 3 விரிப்பு கையிருப்பு வேண்டும். கணக்கு புரிவதற்காக மட்டும் சீக்வின் விரிப்பு வாடகை ரூ.800, பிளெய்ன் விரிப்பு ரூ.200, மேல் விரிப்பு ரூ.80 என்று வைத்துக்கொண்டால்:

முதல் வழி: எல்லா மேசைக்கும் சீக்வின். 28 × 800 = ரூ.22,400. முதல் சுற்று முடிந்ததும் கறையோடுதான் இரண்டாவது சுற்று.

இரண்டாவது வழி: பிளெய்ன் விரிப்பு 28 × 200 = ரூ.5,600. இரண்டு சுற்றுக்கும் தனித்தனி மேல் விரிப்பு 50 × 80 = ரூ.4,000. கேக், வரவேற்பு, மொய், தாம்பூலம், போட்டோ பூத், ஐஸ்கிரீம் என 6 இடங்களில் மட்டும் சீக்வின் 6 × 800 = ரூ.4,800. மொத்தம் ரூ.14,400.

விலை ஊருக்கு ஊர் மாறும். ஆனால் தர்க்கம் மாறாது. இரண்டாவது வழியில் ரூ.8,000 மிச்சம், இரண்டாவது சுற்றில் உட்காருபவருக்கும் சுத்தமான மேசை. 5 அடி வட்ட மேசைக்கு 72 அங்குலச் சதுர மேல் விரிப்பு முழுவதுமாக மூடும். முதல் பந்தி முடிந்ததும் அதை மட்டும் உருவிவிட்டுப் புதியதைப் போட இரண்டு நிமிடம் போதும்.

வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை:

• துணி வகை, அளவு, எண்ணிக்கை, நிறம். ‘கோல்டு கலர்’ என்று மட்டும் எழுதினால் போதாது. மாதிரித் துணியின் போட்டோ இணைக்கப்பட வேண்டும்.

• முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்ப வரும்?

• எதெல்லாம் ‘சேதம்’? குழம்புக் கறை சேதமா, சலவைக் கட்டணத்தில் அடங்குமா? மெழுகு, தீப்பொறி ஓட்டை ஆகியவற்றுக்கு எவ்வளவு?

• ஜிஎஸ்டி, போக்குவரத்து, விரிக்கும் கூலி தொகைக்குள் அடக்கமா?

• அயர்ன் செய்து ஹாங்கரில் வருமா, மடித்து மூட்டையில் வருமா? மூட்டையில் வந்தால் கசங்கலோடுதான் போட்டோவில் விழும்.

• இரவு முடிந்ததும் யார் எண்ணிக் கொடுப்பது? குப்பையோடு போகும் நாப்கின்களுக்கும் பில் வரும். பொறுப்பு யாருக்கு என்று முன்பே முடிவாக வேண்டும்.

வாங்குவது லாபமாவது இரண்டு சூழலில்: ஒன்று, நிச்சயதார்த்தம், ரிசப்ஷன், சீமந்தம் என அடுத்தடுத்து விசேஷம் இருக்கும்போது. இரண்டு, கல்யாணத்துக்குப் பின் வீட்டில் பயன்படும் துணியாக இருக்கும்போது. காட்டன் ரன்னர், ஜமக்காளம், பெரிய கட்டத் துணி ஆகியவை ஸ்கிரீனாகவோ தலையணை உறையாகவோ மாறும். சீக்வினும் சாட்டினும் பரணில்தான் தூங்கும்.

மஞ்சள் கறை வந்தால்?

நம் ஊர் விருந்தில் தவிர்க்க முடியாத கறை மஞ்சள். சோப்பு போட்டதும் அது சிவப்பாக மாறும். பார்த்ததும் பதற்றம் வரும். அது மஞ்சளின் இயல்புதான். காரத்தன்மை பட்டால் நிறம் மாறும், நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். முதலில் அதிகப்படியான குழம்பை வழித்தெடுத்து, எண்ணெய்ப் பசை போகப் பாத்திரம் துலக்கும் திரவம் போட்டுக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். பிறகு நல்ல வெயிலில் காயப் போட்டால் மஞ்சள் தானாக வெளுக்கும். கறை போகும் முன் அயர்ன் செய்தால் அங்கேயே தங்கிவிடும். தீம் எதுவானாலும் சாப்பாட்டு மேசையின் மேல் விரிப்பு கடுகு மஞ்சள், அரக்கு, பழுப்பு போன்ற நிறங்களில் இருந்தால் பாதிக் கவலை இல்லை. ‘96’ தீம் எடுத்தவர்களுக்கு இது கூடுதல் லாபம்.

துணி எங்கிருந்து வருகிறது?

ஆன்லைனில் தேடுபவர்கள் பலர் கவனிக்காத ஊர் ஒன்று இருக்கிறது. கரூர். பஸ் பாடி கட்டுவதற்கும் கொசுவலைக்கும் பெயர் பெற்ற இந்த ஊர், மேசை விரிப்பு, நாப்கின், பிளேஸ்மேட், கிச்சன் டவல் போன்றவற்றை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பும் முக்கிய மையம். அங்குள்ள வீடுகளில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு விரிக்கும் துணி பல நேரங்களில் அமராவதி ஆற்றங்கரையிலிருந்து போனதாக இருக்கலாம்.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அமெரிக்கா மொத்தம் 50 சதவீதக் கூடுதல் வரியை அமல்படுத்தியபோது, கரூர், திருப்பூர் போன்ற ஏற்றுமதி ஊர்கள் நேரடியாகப் பாதிக்கப்பட்டன. உள்ளூரில் வாங்குபவர்கள் அந்த இழப்பை ஈடுகட்டிவிட முடியாது. ஆனால், வெளிநாட்டுப் பெட்டியில் போகும் அதே தரத்துத் துணி பக்கத்து மாவட்டத்திலேயே கிடைக்கும்போது, இறக்குமதிப் பாலியஸ்டரைத் தேடிப் போக வேண்டுமா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகளை விற்கும் கடைகளில் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவை வெளிநாட்டு டைனிங் டேபிள் அளவில் இருக்கும். 60 × 90, 60 × 120 அங்குலச் செவ்வகங்கள் கிடைக்கும். மண்டபத்து வட்ட மேசைக்குத் தரை வரை தொங்கும் அளவு கிடைப்பது அரிது. ரன்னர், நாப்கின், நீள மேசை விரிப்புக்கு மட்டும் அவற்றை நம்பலாம். ஒரே நிறத்தில் 25 கிடைக்குமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

ஹீரோ படத்தைத் துணியில் பிரிண்ட் போடலாமா?

நிறமும் துணி வகையும் யாருக்கும் சொந்தமல்ல. கடுகு மஞ்சளுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் போஸ்டர், ஸ்டில், படத்தின் லோகோ ஆகியவற்றுக்கு உரிமையாளர்கள் உண்டு. அவற்றை அச்சடித்த துணியை ஒரு டெக்கரேட்டர் பல நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தால் காப்புரிமைச் சிக்கல் வரலாம். அதோடு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. அபிமான நடிகரின் முகத்தின் மேல் பாயசம் கொட்டுவதை எந்த ரசிகரும் விரும்புவதில்லை.

எப்போது என்ன செய்வது?

• இரண்டு மாதம் முன்பு: படத்தையும் மூன்று நிறங்களையும் முடிவு செய்வது. மண்டபத்துக்குப் போய் மேசைகளை டேப் வைத்து அளப்பது. மேனேஜர் சொல்லும் அளவை மட்டும் நம்பக் கூடாது.

• ஆறு வாரம் முன்பு: மாதிரித் துணியை மண்டப விளக்கில் பார்ப்பது. வாடகையா, வாங்குவதா என்று முடிவெடுப்பது.

• ஒரு மாதம் முன்பு: ஒப்பந்தம் எழுத்தில். தைக்க வேண்டியதை டெய்லரிடம் கொடுப்பது.

• ஒரு வாரம் முன்பு: ஒரே ஒரு மேசையை முழுதாக அலங்கரித்துப் பார்ப்பது. வீட்டுப் பெரியவர் ஒருவரை அதில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்வது.

• அன்று: எண்ணி வாங்குவது, எண்ணிக் கொடுப்பது. இரண்டுக்கும் ஒரே ஆள்.

“மேசைக்கு எதுக்கு வெல்வெட்டும் ஜிகினாவும்” என்று கேட்ட அப்பாவின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. சாப்பிடும் மேசைக்கு வெல்வெட்டும் வேண்டாம், ஜிகினாவும் வேண்டாம். சுத்தமான ஒரு விரிப்பு, பிடித்த படத்தை நினைவூட்டும் ஒரு நிறம், எழுந்திருக்கும்போது காலைத் தடுக்காத உயரம். இவ்வளவு இருந்தால் சாப்பாட்டைப் பற்றியும் நல்லபடியாகப் பேசுவார்கள். கல்யாணம் முடிந்து ஆறு மாதம் கழித்து அந்தக் கடுகு மஞ்சள் ரன்னர் புது வீட்டு ஜன்னலில் திரைச்சீலையாகத் தொங்கினால், செலவு செய்த பணமும் வீணாகவில்லை என்று அர்த்தம்.